தானாக உடைந்த கரை

தமிழில் ‘ந்’ என்ற எழுத்துக்கும் ‘த்’ என்ற எழுத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று என்னைக் கேளுங்கள். முக்கால் ஏக்கர் தூரம். அளந்து பார்த்தவள் சொல்கிறேன்.

கரை உடைந்தது என்றால் தன்வினை. அதுபாட்டுக்கு உடைந்தது, யார் மேலும் குற்றமில்லை. கரையை உடைத்தது என்றால் பிறவினை. உடைத்தவன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குப் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. திருந்தினான், திருத்தினான் என்று பத்தாம் வகுப்பில் எழுதி எழுதிப் படித்தோம். நான் கணக்கில் தோற்றவள், தமிழில் பள்ளிக்கூடத்துக்கே முதல் மார்க். அந்த மார்க்கால் எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லாபம்தான் கிடைத்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

வாடிப்பட்டிக்கு வடக்கே, பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் எட்டிக்கூடப் பார்க்காத கடைக்கோடியில் இருக்கிறது எங்கள் ஊர். ஆலங்கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கூலி வேலை. கண்மாய்க்குக் கீழே, மடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் முக்கால் ஏக்கர் கிடக்கிறது. என் அம்மா ஒச்சாயி பாதி ஆயுசு யாருடைய வயலில் நாற்று நட்டாளோ, அவர்களிடமே அந்த நிலத்தை வாங்கினாள். பத்திரம் முடிந்த அன்றைக்குக்கூட, விற்றவர் அம்மாவை ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. அம்மா நின்றுகொண்டே கைநாட்டு வைத்தாள். அந்த நிலத்தின் மேல் எனக்கு இருக்கிற வெறி அங்கே ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். விவசாயம் அம்மாவும் நானும்தான்.

கண்மாயின் மேற்குப் பக்கம், நல்ல மழைக்கு மட்டும் தண்ணீர் ஏறி நிற்கிற பட்டா நிலங்கள் இருந்தன. தொடர்ந்து சில வருஷம் மழை பொய்த்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது, உள்ளே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். அந்தச் சமயம் பார்த்து மதுரையிலிருந்து ஒரு புரமோட்டர் வந்தார். நிலத்தை வாங்கி, மஞ்சள் கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டி, ‘அலைமகள் நகர்’ என்று வளைவு வைத்தார். அலைமகள் என்றால் லட்சுமியாம். அந்த ஆள் பெயர் வைக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட்டார். வாங்கியவர்களுக்குத்தான் தமிழ் புரியவில்லை.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர் துளசிராம். சௌராஷ்டிரக்காரர். மதுரையில் மஹால் பக்கம் பிறந்து வளர்ந்து, சேலைக் கடையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பூர்வீக வீட்டில் தன் பங்கை அண்ணன் தம்பிகளிடமே விற்று, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கண்மாய்க்குள் வீடாகக் கட்டினார். அவரும் மனைவி சீதாலட்சுமியும் சாயங்காலம் கரையில் நடப்பார்கள். தங்களுக்குள் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டே வருவார்கள், எங்களைக் கண்டதும் தமிழுக்கு மாறுவார்கள். எங்கள் வரப்பில் அகத்திக்கீரை பறித்துக்கொள்ள அம்மா விட்டிருந்தாள். நல்ல மனுஷன் என்றுதான் நானும் நினைத்தேன். மழை வராதவரைக்கும் எல்லாருமே நல்ல மனுஷர்கள்தான்.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் வந்தது மழை. முன்பெல்லாம் ஐப்பசி மழை மாசம் பூராவும் பெய்யும். இரண்டு நாள் பெய்து ஒரு நாள் விட்டு, மண் குடிக்கக் குடிக்க ஊற்றும். இப்போது மழைக்கும் புத்தி கெட்டுவிட்டது. வருஷக்கணக்கில் ஏமாற்றிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கொட்டியது. உலகம் சூடாகிறதாம், அதனால்தான் இப்படியாம், டிவியில் சொன்னார்கள். சூடாக்கியது யார் என்று சொல்லவில்லை. அங்கேயும் தன்வினைதான்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்மாய் கழுத்து வரை நிறைந்து, கலுங்கில் மறுகால் போய்க்கொண்டிருந்தது. கலுங்கு என்பது மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்காகக் கல்லால் கட்டியது. அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. கரையில் ஒரு கசிவுகூட இல்லை. எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. புரட்டாசித் தூறலை நம்பி நாங்கள் நாற்று நட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை. அறுவடை வரைக்கும் கவலையில்லை என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் கரைமேல் ஒரு பொக்லைன் மிஷின் ஏறிவந்தது. அதற்கு முன்னால், கறுப்புக் குடையும் மடித்துக் கட்டிய வேட்டியுமாகத் துளசிராம். பின்னால் அலைமகள் நகர் ஆம்பளைகள் எல்லாரும்.

“யாரைக் கேட்டு மிஷினைக் கரையில ஏத்துனீங்க?” என்று குறுக்கே போய் நின்றேன்.

“கொஞ்சம் பொறும்மா தமிழ்வாணி. வீட்டுக்குள்ள இடுப்பு மட்டும் தண்ணி. பீரோ, கட்டில், அரிசி எல்லாம் போச்சு. எங்க வீட்டம்மாவை மேஜை மேல உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். சின்னதா ஒரு வாய் வெட்டி விட்டா மெல்ல வடிஞ்சிரும்.”

“கரையில வெட்டுன வாய் மெல்ல வடியாது. கீழ எங்க பொழப்புக் கெடக்கு, தெரியும்ல?”

“நெல்லு இந்தப் போகம் போனா அடுத்த போகம் வரும்மா. வீடு போனா வருமா?”

“கம்மாய்க்குள்ள வீடு கட்டச் சொல்லி நாங்களா வெத்தலபாக்கு வச்சோம்? வித்தவன் வீட்டுக்குப் போய் வெட்டுங்க!”

“அவன் போனை எடுக்க மாட்டேங்கிறான்மா,” என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. தன்வினை. எனக்கு ஒரு நொடி பாவமாகக்கூட இருந்தது. ஆனால் அடுத்த நொடி அவர் மிஷின்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் அவர் குடையைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன். இரண்டு பேர் என் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தார்கள். மிஷின்காரன் என்னைப் பார்க்கவே இல்லை. அவனுக்கு மணிக்கணக்கில் வாடகை.

அப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டினார்கள். மிஷினைப் பின்னால் எடுப்பதற்குள் லாரி போகிற அளவுக்கு வாய் பிளந்தது. துளசிராமே பயந்துபோய், “போதும், போதும்” என்று கத்தினார். யாரிடம் கத்தினாரோ தெரியாது, தண்ணீருக்குக் காது இல்லை. என் சித்தப்பா மகன் சங்கிலியின் வீட்டுச் சுவர் விழுந்தது. எங்கள் தெருவில் ஏழெட்டு வீடு போயிற்று. ஆடு மாடு போயிற்று. உயிர்ச்சேதம் இல்லை என்று மறுநாள் பேப்பரில் ஒரு மூலையில் போட்டார்கள். அந்த வரிக்குக் கீழே சினிமா விளம்பரம்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் நிலத்தைப் பார்த்தோம். நிலம் இல்லை. கரை மண்ணும் ஓடை மணலும் கலந்து, வரப்பு எது வயல் எது என்று தெரியாமல் ஒரே மேடு. ஓரத்தில் மார்பு உயரம். அம்மா நடுவில் உட்கார்ந்து கையால் தோண்டினாள். முழங்கை வரை போயும் எங்கள் கறுப்பு மண் தட்டுப்படவில்லை. மணலை அள்ளி வெளியேற்ற எவ்வளவு ஆகும் என்று வாடிப்பட்டியில் ஒரு மிஷின்காரரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன தொகைக்கு அந்த நிலத்தையே இரண்டு முறை வாங்கலாம்.

“இதுக்கு நீங்க நெலத்தை விட்ரலாம்க்கா,” என்றார் நல்லெண்ணத்தோடு. நல்லெண்ணம் இருந்தவர்களையெல்லாம் அந்த மாதம் எனக்குக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது.

வி.ஏ.ஓ. காசிமாயன் சேதம் எழுத வந்தார். ரேஷன் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருவே கூடியிருந்தது. கேட்டதும் நான் முதல் ஆளாகச் சொன்னேன்.

“கரையை உடைச்சாங்க சார். மிஷினை வச்சு. நான் பக்கத்துல நின்னேன். ஆளு பேரு எல்லாம் சொல்றேன், எழுதுங்க.”

அவர் பேனாவை மூடினார்.

“ஏம்மா, நீ படிச்ச புள்ள. வெவரமாச் சொல்றேன், கேட்டுக்க. கரை உடைஞ்சதுன்னா அது இயற்கைச் சீற்றம். பயிருக்கு, வீட்டுக்கு, மாட்டுக்கு நிவாரணம் உண்டு. உடைச்சாங்கன்னா அது போலீஸ் கேஸு. கேஸுக்கு எவன் நிவாரணம் குடுப்பான்? உடைச்சவன்கிட்டதான் கோர்ட்டுல போய் வாங்கணும். உன் மகன் பேரன் காலத்துல தீர்ப்பு வரும்.”

“நடந்ததை நடந்த மாதிரி எழுத ஒரு ஏற்பாடு இல்லையா சார்?”

“நடந்தது என்ன? மழை பேஞ்சுச்சு, தண்ணி வந்துச்சு, வயலு போச்சு. நடுவுல ஒரே ஒரு எழுத்து. அதுக்குப் போய் மல்லுக்கட்டுறியே.”

அவருக்கும் ஒரு காரணம் இருந்தது, அது எனக்குத் தெரியும். தன் எல்லையில் கண்மாய்க் கரையைப் பட்டப்பகலில் வெட்டினார்கள் என்று எழுதினால், அப்போது நீ எங்கே இருந்தாய் என்று மேலே கேட்பார்கள். அவர் வாடிப்பட்டியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் இருந்தார்.

ஆனால் என்னை மடக்கியது அவர் இல்லை, எங்கள் ஆட்கள். சங்கிலிதான் முதலில் பாய்ந்தான்.

“அக்கா, உன் இலக்கணத்தை உன் வீட்டோட வச்சுக்க. என் புள்ளைக பள்ளிக்கூட வராண்டாவுல படுத்துக் கெடக்குதுக. நீ ‘உடைச்சாங்க’ன்னு சொன்னா எங்க யாருக்கும் நயாபைசா வராது.”

“அவன் வெட்டும்போது நீ எங்கடா இருந்த?”

“நான் எங்க இருந்தா என்ன? வெட்டிட்டான்ல! இனி பணம் வாங்குற வழியைப் பாப்போமா, ரோஷத்தைப் பாப்போமா?”

பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். இவளுக்கு என்ன, திருப்பூரிலிருந்து மாசாமாசம் வருகிறது என்றாள் ஒருத்தி. படித்த திமிர் என்றாள் இன்னொருத்தி. நேற்று வரை என்னிடம் மனு எழுத வந்தவர்கள்தான். அப்போது காசிமாயன் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

“பட்டா யாரு பேருல இருக்கு? ஒச்சாயி பேருலதான? நீ சொல்லு ஒச்சாயி. கரை உடைஞ்சுச்சா, உடைச்சாங்களா?”

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியின் பெண்டாட்டி இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

“உடைஞ்சுச்சு சாமி,” என்றாள். “எழுதிக்கங்க.”

கைநாட்டு வைத்தாள். இந்த முறையும் நின்றுகொண்டேதான்.

நான் அம்மாவோடு பேச்சை நிறுத்தினேன். ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே தட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் பொங்கல் தாண்டியும் இருந்தோம். நிவாரணம் வந்தது. சங்கிலி சுவர் எழுப்பினான், கூரைக்குப் பத்தவில்லை. எங்கள் பயிருக்கு வந்தது, வயலில் ஒரு மூலை மணலை அள்ளக் காணாது. அந்தப் பணத்தை அம்மா முறத்துக்கு அடியில் வைத்திருந்தாள், நான் தொடவில்லை.

இதற்கு நடுவே துளசிராம் ஒருநாள் எங்கள் வாசலுக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று அம்மா சொம்பில் தண்ணீரோடு எழுந்தாள். அவர் கேட்டது வேறு.

“வயல்ல கெடக்கிற மண்ணை நாங்களே எங்க செலவுல எடுத்துக்கிறோம்மா. எங்க பிளாட்டையெல்லாம் ரெண்டடி மேடாக்கணும், சவுடு மண்ணு தேவைப்படுது. உங்களுக்கும் நெலம் சுத்தமாயிரும். ஒருத்தருக்கொருத்தர் உதவி மாதிரியும் ஆச்சு.”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வயலை மூடிய மண்ணை அள்ளிக்கொண்டுபோய், அடுத்த வெள்ளத்துக்கு அவர்கள் மேட்டில் இருப்பார்களாம். அந்தத் தண்ணீரும் எங்கே போகும்? எங்கள் தலைமேல்தான்.

“உதவியா?” என்றேன். “நீங்க இதுவரைக்கும் செஞ்ச உதவியையே எங்களால எறக்கி வைக்க முடியல. போயிருங்க.”

“கோபப்படாதம்மா. நானும் எல்லாத்தையும் தொலைச்சவன்தான். வீட்டை விக்கலாம்னா கேட்க ஆளில்லை. வித்தவன் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அடுத்த நகர் போட்டுட்டான். அங்கயும் கம்மாய்தான்.”

“அப்ப அவன் மேல கேஸு போட வேண்டியதுதான?”

“பத்திரத்துல அவன் பேரே இல்லம்மா. பவர் ஏஜென்ட் பேருதான் இருக்கு.”

சொம்புத் தண்ணீரை அம்மா செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள். துளசிராம் போய்விட்டார். எல்லாருக்கும் நஷ்டம், ஒரே ஒருத்தனுக்கு லாபம். அந்த ஒருத்தனின் வீட்டு வாசல்படிகூட நனையவில்லை. அவன் கைக்கு எட்டாதவன். துளசிராம் எட்டுகிற தூரத்தில் இருந்தார். அதனால் நான் அவரை வெறுத்தேன். அது நியாயமா என்று கேட்டால், எனக்கு அப்போது நியாயத்தில் பெரிய ஆசை இல்லை.

சித்திரை பிறந்தது. கண்மாய் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஒருவர் ஆட்களோடு வந்தார். உடைந்த இடத்தை அடைத்தார்கள், நல்லது. அதோடு போகாமல் கலுங்குக்கு வந்து, அதன் மேல்கல்லைக் கடப்பாரையால் பெயர்க்க ஆரம்பித்தார்கள். சங்கிலி மூச்சிரைக்க ஓடிவந்து எனக்குச் சொன்னான். அவனும் அந்தக் கண்மாயை நம்பித்தான் குத்தகை உழுகிறான்.

“எதுக்கு சார் கலுங்கை இடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“இடிக்கலம்மா, மட்டத்தைக் கொறைக்கிறோம். ரெண்டரை அடி. இந்தக் கரை பலவீனமான கரை. முழுக்கொள்ளளவு தாங்காது. தண்ணி கொஞ்சமா நின்னா உடையாது.”

“பலவீனம்னு யாரு சொன்னா?”

“உங்க ஊர்தான். மிஷினில்ல, மனுஷன் கை படல, தானா உடைஞ்சதுன்னு ஊரே வாக்குமூலம் குடுத்திருக்கே. அலைமகள் நகர்க்காரங்க அதைக் காட்டித்தான் மனு போட்டாங்க.”

இரண்டரை அடி. ஆலங்கண்மாய் போன்ற அகலமான, ஆழமில்லாத கண்மாயில் மேல்மட்டத்து இரண்டரை அடிதான் பாதித் தண்ணீர். அது போனால் அலைமகள் நகருக்கு இனி ஒரு சொட்டு ஏறாது. எங்கள் நெல்லுக்குத் தை மாதம் தண்ணீர் இருக்காது. வெள்ளம் ஒரு வருஷத்துப் பயிரைத்தான் கொண்டுபோயிற்று. அந்த ஓர் எழுத்து எல்லா வருஷத்துப் பயிரையும் கொண்டுபோகப் போகிறது.

“இப்ப இந்தக் கல்லு உடையுதா சார், நீங்க உடைக்கிறீங்களா?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. சங்கிலிக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான். அவனை வீட்டில் வைத்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அம்மா முந்திக்கொண்டாள். மாசக்கணக்கில் பேசாமல் இருந்தவள், மணல்மேட்டில் என் பக்கத்தில் வந்து நின்று, ஒரு பிடி மணலை அள்ளி என் கையில் வைத்தாள்.

“இம்புட்டு மண்ணும் எங்க இருந்து வந்துச்சு? கம்மாயில இருந்துதான? கம்மாய்க்கே திருப்பிக் கொண்டுபோய்ச் சேத்துருவமாடி?”

என் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடிக்கவில்லை, வெட்கம்.

முறத்துக்கு அடியில் இருந்த நிவாரணப் பணத்தில் பழைய உரச்சாக்குகளாக வாங்கினோம். மணலை விற்பதென்றால்தான் பர்மிட் வேண்டும், சாக்கில் கட்டி நம் வயலில் அடுக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வைகாசி, ஆனி, ஆடி என்று தெருவே மூட்டை கட்டியது. என்னைத் திமிர் பிடித்தவள் என்ற பொம்பளை எல்லாரையும்விட அதிகம் கட்டினாள். சங்கிலி மாட்டுவண்டி பிடித்துவந்தான். புரட்டாசி கடைசியில், முதல் மழைக்கு முன்னால், மூட்டைகள் வயலிலிருந்து கலுங்குக்குப் போயின. இறக்கிய இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட வைக்க நான் விடவில்லை. எங்களுக்கு வேண்டியது பழைய தண்ணீர், அவ்வளவுதான். வயலில் ஒரு பகுதி கறுப்பு மண் வெளியே வந்தது. அம்மா அதில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தாள்.

அந்த வருஷம் மழை முந்தின வருஷம் போல வெறிகொண்டு வரவில்லை, ஆனால் போதுமான அளவுக்கு வந்தது. கண்மாய் பழைய மட்டத்துக்கு ஏறியது. அலைமகள் நகரில் முழங்கால் தண்ணீர். பொக்லைன் வரும் என்று எதிர்பார்த்து நாங்கள் கரைமேல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம், பொம்பளைகள் முன்னால், ஆம்பளைகள் பின்னால். மிஷின் வரவில்லை. துளசிராம் வந்தார், கூடவே காசிமாயனைக் கூட்டிக்கொண்டு. சீதாலட்சுமி அம்மாவும் வந்திருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. என்னைப் பார்த்துத் தங்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அர்த்தம் தெரியாவிட்டாலும் வசவு வசவுதான், எந்தப் பாஷையிலும் காதுக்குத் தெரிந்துவிடும்.

“பாத்தீங்களா சார்,” என்றார் துளசிராம். “கலுங்கை அடைச்சு வச்சிருக்காங்க. எழுதுங்க. ஒவ்வொருத்தர் பேரையும் எழுதுங்க.”

காசிமாயன் மூட்டைகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“யாரும்மா இம்புட்டு மண்ணையும் இங்க கொண்டுவந்து சேர்த்தது?”

நான் எழுந்து நின்றேன். இந்தக் கேள்விக்காக ஒரு வருஷம் காத்திருந்தவள் நான்.

“யாரும் சேர்க்கல சார். தானா சேர்ந்தது.”

பின்னால் யாரோ குபீரென்று சிரித்தார்கள். காசிமாயனின் முகம் சிவந்தது.

“என்னம்மா வெளையாடுறியா? மண்ணு தானா சாக்குக்குள்ள ஏறுமா? ஏறி, வாயைத் தானே தச்சுக்கிட்டு, வரிசையா வந்து படுத்துக்குமா?”

“மிஷினு ஏறி நின்னு வெட்டுன கரை தானா உடைஞ்சதுன்னு எழுதுனீங்களே சார்? அது முடியும்னா இதுவும் முடியும். வெள்ளத்துல வந்துச்சு, சேர்ந்துச்சு. இயற்கைச் சீற்றம். இல்ல, சேர்த்தாங்கன்னுதான் எழுதுவேன்னா எழுதுங்க. எதுக்குச் சேர்த்தோம்னு மேல கேப்பாங்க. கரையை வெட்டுனதுல இருந்து ஆரம்பிச்சு, எந்த ஆபீசரு எழுதுனாரு, அன்னைக்கு எங்க இருந்தாருங்கிறது வரைக்கும் நான் சொல்றேன்.”

அவர் கூட்டத்தைப் பார்த்து, “என்னப்பா, எல்லாரும் இதத்தான் சொல்றீங்களா?” என்றார்.

“தானாதான் சார் சேந்துச்சு,” என்றான் சங்கிலி. “என் கண்ணால பாத்தேன்.”

“ஒச்சாயி, நீ சொல்லு.”

அம்மா கலுங்கின் மேல், எங்கள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“சேந்துச்சு சாமி. எழுதிக்கங்க. கைநாட்டு வேணும்னா இங்க வாங்க, வைக்கிறேன்.”

காசிமாயன் சேற்றில் கால் வைத்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனார். அம்மா உட்கார்ந்தபடியே கட்டைவிரலை நீட்டினாள். அந்தக் காட்சிக்காகவே அந்த நிலத்தை இன்னொரு முறை வாங்கலாம்.

வி.ஏ.ஓ. போன பிறகும் துளசிராம் போகவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்ததா என்றால், வந்தது. பாவமாக இருந்ததா என்றால், அதுவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு கெட்ட ருசியாக நாக்கில் நின்றது. அவர் கண்மாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“போன வருஷ மாதிரி பேஞ்சா இந்தக் கரை தாங்குமாம்மா? அடைச்ச இடத்துல வெறும் மண்ணைத்தான் கொட்டியிருக்கான். காண்ட்ராக்டு வேலை. நேத்து நானே காலால அழுத்திப் பாத்தேன், உள்ள போகுது.”

“தெரியும்,” என்றேன். “நானும் அழுத்திப் பாத்தேன்.”

“அப்ப?”

“அப்ப உங்க வீடு மறுபடி இடுப்பு மட்டும் தண்ணியில நிக்கும். எங்களுக்கு நெலம் இருக்காது.”

அவர் தலையாட்டினார். சீதாலட்சுமி அம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தண்ணீருக்குள் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார்கள். மேற்கே நாகமலைப் பக்கம் வானம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. அம்மா மூட்டைமேல் கை ஊன்றி எழுந்து, மழை வருமுன் மடையைப் பார்த்துவர வேண்டும் என்றாள்.

என்றைக்காவது ஒருநாள் அந்தக் கரை நிஜமாகவே, யார் கையும் படாமல், தானாக உடையும். அன்றைக்கும் காசிமாயன் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். துளசிராமும் நானும் ஒரே பதிலைச் சொல்வோம், அது உண்மையாகவும் இருக்கும். நம்புவதற்குத்தான் ஆள் இருக்காது.